ஆன்டி வைரஸ் வாங்கும் முன்…

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனி, சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம், நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், எந்த ஊரிலும் இருக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம். எட்டு முதல் இருபது கம்ப்யூட்டர்கள் வரை ஓடும் இதுபோன்ற இடங்களில் சர்வர் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டிதான். யுபிஎஸ் பக்கத்தில் ஒரு மூலையில், மானிட்டர் அணைக்கப்பட்டு, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். டேலி கணக்கு அதில்தான் இருக்கிறது. ஸ்டாக், சம்பளப் பட்டியல், பிஎஃப் விவரம், வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள், பல வருடத்து பில்கள் எல்லாம் அதில்தான். மற்ற கம்ப்யூட்டர்களில் இது இசட் டிரைவ் என்றோ எக்ஸ் டிரைவ் என்றோ தெரியும். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கும், ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்கும் பாதுகாத்து வைக்க வேண்டும். அந்தக் கடமை முழுவதும் அந்த ஒரு பெட்டியின் ஹார்டு டிஸ்க்கை நம்பி நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதிலுள்ள ஆன்டி வைரஸ் காலாவதியாகும். சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூரிலோ இருக்கும் டீலருக்கு ஒரு போன் போகும்: எது நல்லது, எது விலை குறைவு? ஒரு பெயரும் ஒரு தொகையும் பதிலாக வரும், கீ வாட்ஸ்அப்பில் வரும். அதோடு அடுத்த வருடம்வரை யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

எந்த ஆன்டி வைரஸ் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை முதலில் கேட்பதால்தான் பணமும் போய், டேட்டாவும் போகிறது. வைரஸைக் கண்டுபிடிக்கும் திறனைப் பொறுத்தவரை, பெயர் பெற்ற தயாரிப்புகளுக்கு இடையே இன்று பெரிய வித்தியாசம் கிடையாது. ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலுள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் தொடர்ந்து இந்தச் சோதனைகளை நடத்தி முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. முன்வரிசையில் இருப்பவற்றுக்கு இடையிலான இடைவெளி ஒரு சதவிகிதத்தின் சிறு பின்னமாகத்தான் இருக்கும். ஒரு சுற்றில் முந்துவது அடுத்த சுற்றில் பின்தங்கும். விண்டோஸோடு கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், ஏவி-டெஸ்ட் மதிப்பீட்டில் பல ஆண்டுகளாக முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக நெருக்கமாகவோ வாங்கி வருகிறது. ஆகவே ஒரு சிறு அலுவலகத்தின் தலைவிதி எந்த பிராண்டு என்பதில் தீர்மானமாவதில்லை. அந்த மென்பொருளை யார் கவனிக்கிறார்கள், அதை யாரால் அணைக்க முடியும், அது பார்க்கவே முடியாத வழிகள் எவ்வளவு திறந்து கிடக்கின்றன என்பதில்தான் தீர்மானமாகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது கவனிக்கும் வசதியை. கண்டுபிடிக்கும் திறன் பெரும்பாலும் இலவசமாகவே கையில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, ஃபைல்களை என்கிரிப்ட் செய்துவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வருக்குள் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பர்ச்சேஸ் பிரிவில் ஒருவர் 'பேமென்ட் அட்வைஸ்' என்று வந்த மெயிலில் உள்ள இணைப்பைத் திறக்கிறார். கெட்ட நிரல் ஓடுவது அவருடைய கம்ப்யூட்டரில். அது முதலில் அந்த கம்ப்யூட்டரின் சி டிரைவ், டி டிரைவைத் தேடுகிறது. பிறகு இசட் டிரைவுக்கு வருகிறது. அது சர்வரிலுள்ள ஷேர் ஃபோல்டர். அவருக்கு அதில் எழுதும் உரிமை இருக்கிறது; இல்லாவிட்டால் டேலியில் என்ட்ரி போட முடியாது. நிரல் ஒவ்வொரு ஃபைலாக நெட்வொர்க் வழியே படிக்கிறது, தன் கம்ப்யூட்டரில் என்கிரிப்ட் செய்கிறது, திரும்ப சர்வரில் எழுதுகிறது. இந்த நேரம் முழுவதும் சர்வரில் எந்தப் புது நிரலும் ஓடவில்லை. சர்வரிலுள்ள ஆன்டி வைரஸின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: சரியான பாஸ்வேர்டோடு உள்ளே வந்த ஓர் ஊழியர் தனக்கு உரிமையுள்ள ஃபைல்களைத் திறந்து சேமிக்கிறார். சேமிக்கப்பட்ட ஃபைலை அது ஸ்கேன் செய்தாலும் பயனில்லை, என்கிரிப்ட் ஆன கணக்குப் புத்தகத்தில் வைரஸ் எதுவும் கிடையாது. பொருளற்ற எழுத்துகள்தான் இருக்கும். எனவே சர்வருக்கு மட்டும் விலையுயர்ந்த ஆன்டி வைரஸ் போட்டுவிட்டு, மற்ற பதினைந்து கம்ப்யூட்டர்களை லைசென்ஸ் முடிந்த நிலையில் விட்டிருக்கும் அலுவலகம் பாதுகாக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ காவல் போட்டிருக்கிறது. நெட்வொர்க் வழியாக நடக்கும் இப்படிப்பட்ட மொத்த மாற்றத்தை நடத்தையை வைத்தே கண்டுபிடித்து, அந்த கம்ப்யூட்டரின் தொடர்பைத் துண்டிக்கும் வசதி சில வணிகத் தயாரிப்புகளில் இருக்கிறது. டீலரிடம் கேட்க வேண்டிய உருப்படியான கேள்விகளில் இது ஒன்று.

இதற்கு ஆன்டி வைரஸை விடவும் பலமான மருந்து, காசே செலவாகாதது, ஃபோல்டர் உரிமைதான். நம் அலுவலகங்களில் ஷேர் ஃபோல்டர் போடும்போது 'எவ்ரிஒன்' என்று தேர்ந்தெடுத்து 'ஃபுல் கண்ட்ரோல்' டிக் செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்போதுதான் போன் கால் வராமல் இருக்கும் என்று சர்வீஸ் இன்ஜினியர் நினைக்கிறார். கணக்குப் பிரிவில் இருக்கும் மூவருக்கு மட்டும் கணக்கு ஃபோல்டர், டிசைன் பிரிவுக்கு மட்டும் டிசைன் ஃபோல்டர் என்று பிரித்தால், ஒரு கம்ப்யூட்டரில் தீ பிடித்தால் அந்த அறையோடு நிற்கும். ஆடிட் முடிந்த பழைய வருடங்களின் டேட்டாவை, படிக்க மட்டும் அனுமதியுள்ள தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடலாம். அதில் எழுத யாருக்கும் வேலை இல்லை. அப்புறம் எழுதும் உரிமை மட்டும் எதற்கு?

இரண்டாவது வழி ரிமோட் டெஸ்க்டாப். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டார்கள். ஊரடங்கு முடிந்தது, போர்ட் இன்னும் மூடப்படாத இடங்கள் உண்டு. இணையத்தில் திறந்திருக்கும் 3389 போர்ட்டைத் தேடி இரவு பகலாக பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஏராளம். கிரைசிஸ், தர்மா என்ற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாக இந்த வழியில்தான் பரவியது. 'அட்மின்' என்ற பெயருக்கு கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு என்றால், உள்ளே வர அதிக நேரம் ஆகாது. வந்தவன் இப்போது சர்வரின் முழு அதிகாரி. அவன் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று ஆன்டி வைரஸை நீக்குவது. எந்த பிராண்டாக இருந்தாலும், அதிகாரி பாஸ்வேர்டோடு உள்ளே வந்தவர் 'அன்-இன்ஸ்டால்' என்று அழுத்தினால் போய்விடும், தனி அன்-இன்ஸ்டால் பாஸ்வேர்டோ, வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'டேம்பர் புரொடெக்ஷன்' எனப்படும் பூட்டோ போட்டிருந்தால் ஒழிய. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளையும் அவன் ஒரே கட்டளையில் அழித்துவிடுவான். போர்ட் எண்ணை 3390 என்று மாற்றிவிட்டோம் என்பது பதில் ஆகாது. தேடும் நிரல்கள் எல்லா எண்களையும்தான் தட்டிப் பார்க்கின்றன. போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் வழியாக, இரண்டு கட்டச் சரிபார்ப்போடு உள்ளே வர வைப்பது ஒன்றே வழி.

சிறிய ஆட்களான எங்களை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இது நேர்மையான சந்தேகம். பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் யாரையும் குறிவைக்கவில்லை. விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் முறையிலிருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட கணினிக்கெல்லாம் தானாகவே தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் அப்டேட் போடாதவர்களைத்தான் அது பிடித்தது. எந்த பிராண்டு ஆன்டி வைரஸ் என்று அது விசாரிக்கவில்லை. சிறு நிறுவனம் என்பதால் யாரும் விட்டுவிடுவதில்லை. தானாகத் தேடும் நிரலுக்கு ஒரு ஐபி முகவரி தெரியும். அதன் பின்னால் இருப்பது பன்னாட்டு நிறுவனமா பாத்திரக்கடையா என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரியும்.

அதே 2017 ஜூன் 27 அன்று நடந்த நாட்பெட்யா தாக்குதல், கணக்கு மென்பொருளை நம்பி வாழும் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படும் மெடாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வரைக் கைப்பற்றி, அந்த அப்டேட் வழியாகவே கெட்ட நிரலை அனுப்பினார்கள். அதாவது, பயனர்கள் நம்பிக்கையோடு ஏற்றுக்கொண்ட வழியிலேயே அது வந்தது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் உலகளாவிய நெட்வொர்க் முடங்கியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையத்தின் வேலையும் நின்றது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது என்று நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பயனர் விவரங்கள் அடங்கிய அடிப்படை சர்வர்கள் எல்லாம் அழிந்துபோக, கானா நாட்டில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லாததால் அது நெட்வொர்க்கில் இல்லை. மீட்பு வேலை அதை வைத்துத்தான் நடந்தது. காப்பாற்றியது பாதுகாப்பு மென்பொருள் எதுவுமில்லை. இணைப்பு அறுந்து கிடந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

நம் நாட்டு உதாரணம் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று அதன் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் டேட்டா என்கிரிப்ட் ஆனதாகவும், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து அமைக்காததே காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் அரசு பதிலளித்தது. புறநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை கையால் எழுதி ஓட்ட வேண்டியதாயிற்று. அங்கே ஆன்டி வைரஸ் எது இருந்தது என்பதைவிட, ஒரு மூலையில் நுழைந்தவன் எல்லா மூலைக்கும் போக முடிந்தது என்பதுதான் அரசின் பதிலில் இருக்கும் செய்தி. சிறு அலுவலகத்துக்கும் இதே விதி பொருந்தும். வருகையாளர்களுக்குக் கொடுக்கும் வைஃபை, சிசிடிவி ரெக்கார்டர், பில்லிங் மெஷின், கணக்கு சர்வர் எல்லாம் ஒரே ரவுட்டரில் ஒரே நெட்வொர்க்காகத் தொங்கும் இடங்களே அதிகம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு ஆன்டி வைரஸ் தேர்வுக்கு வருவோம். சர்வர் விஷயத்தில் சில தனி விதிகள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு என்று பெட்டியில் விற்கும் மலிவான பதிப்புகள் பல, விண்டோஸ் சர்வரில் இன்ஸ்டாலே ஆகாது. இன்ஸ்டால் ஆனாலும், லைசென்ஸ் விதிப்படி அலுவலகத்தில் போடக் கூடாதவை உண்டு. அதனால் 'சர்வர் எடிஷன்' அல்லது 'எண்ட்பாயின்ட்' என்ற பெயரில் வருவதைத்தான் கேட்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. வீட்டு விண்டோஸில் வேறொரு ஆன்டி வைரஸைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சர்வரில் அப்படி ஒதுங்காது. நாம்தான் அதை அணைக்க வேண்டும் அல்லது செயலற்ற நிலைக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் புதிதாக ஒன்றைப் போட்டால் இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறித் திறந்து பார்த்து, சர்வர் திணறும். இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. ஒன்றை ஒன்று மடக்கிக்கொண்டு இரண்டும் அரைகுறையாக வேலை செய்யும்.

ஆன்டி வைரஸ் போட்டால் டேலி மெதுவாகிறது என்ற புகார் உண்மையானதே, அதைப் புறக்கணிக்கக் கூடாது. பத்து பேர் ஒரே நேரத்தில் வவுச்சர் போடும்போது, ஒவ்வொரு எழுத்தையும் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் விடுவேன் என்று ஒரு மென்பொருள் நின்றால் வேகம் குறையத்தான் செய்யும். அதைவிடப் பெரிய ஆபத்து, கணக்கு டேட்டா ஃபைல் ஒன்றைத் தவறாகச் சந்தேகித்து அது தனிமைப்படுத்திவிடுவது. அப்படி நடந்தால் கம்பெனி டேட்டா திறக்காது. எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருள்களுக்கும் இதே கதை. இதற்காகத்தான் 'எக்ஸ்க்ளூஷன்' என்ற விலக்கு இருக்கிறது: டேட்டாபேஸின் எம்டிஎஃப், எல்டிஎஃப் ஃபைல்களையும், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரையும் மட்டும் உடனடி ஸ்கேனிலிருந்து விலக்கலாம். விலக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. தொல்லை தீர்ந்தால் போதும் என்று சி டிரைவ் முழுவதையும் விலக்கி வைப்பதும் ஆன்டி வைரஸைக் கழற்றிவிடுவதும் ஒன்றுதான். அந்த வேலை யாரோ எப்போதோ செய்தது என்பதால் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. விலக்குப் பட்டியலைத் திறந்து ஒருமுறை படித்துப் பார்ப்பது புது லைசென்ஸ் வாங்குவதைவிட முக்கியமான வேலை.

காவல் காக்கும் மென்பொருளே ஆபத்தாகிய நாட்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று நினைத்து நீக்கியது. உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆன்டி வைரஸ் விண்டோஸின் ஆழத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் பெற்றது. அதில் பிழை வந்தால் சர்வர் எழாது. எனவே அப்டேட்டுகளை முதலில் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் பிறகு சர்வருக்கும் விடும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். அதற்காக ஆன்டி வைரஸே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ரான்சம்வேர் இல்லாத ஒரு நாள்கூட இப்போது இல்லை.

இங்கே சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மிடையே எத்தனையோ சர்வர்களில் ஓடுவது திருட்டு விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்ய இணையத்தில் கிடைக்கும் சிறு நிரல்கள் முதலில் கேட்பது, ஆன்டி வைரஸை அணையுங்கள் என்பதைத்தான். அணைத்த பிறகு அந்த நிரலின் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும். திருட்டுத்தனமாக வந்த ஒரு நிரலுக்கு சர்வரின் முழு அதிகாரத்தையும், காவலாளி பார்க்காத ஓர் இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு அதே சர்வருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆன்டி வைரஸ் வாங்குகிறோம். சர்வர் லைசென்ஸுக்குப் பணம் இல்லை என்பது சிறு தொழில்களின் உண்மையான கஷ்டம். ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் அலுவலகம் என்றால், முறையான விண்டோஸ் புரோ லைசென்ஸ் உள்ள ஒரு நல்ல கம்ப்யூட்டரே ஃபைல் ஷேரிங்குக்குப் போதும். திருட்டு சர்வரைவிட நேர்மையான சாதாரண கம்ப்யூட்டர் எவ்வளவோ பத்திரம்.

பழைய விண்டோஸும் இதே கணக்கில் சேரும். சர்வர் 2008 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டது. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 வரைதான். ஆதரவு முடிந்த விண்டோஸிலும் சில ஆன்டி வைரஸ்கள் தொடர்ந்து ஓடும் என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை ஆன்டி வைரஸ் அடைக்காது. லினக்ஸ் வைத்திருக்கிறோம், நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் நாஸ் பெட்டி வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கும் விலக்கு இல்லை. க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை 2021-இல் க்யூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர்கள் குறிவைத்துத் தாக்கின.

அப்படியானால் காசு கொடுத்து எதை வாங்குவது? எல்லா கம்ப்யூட்டர்களின் நிலையும் ஒரே திரையில் தெரியும் நிர்வாகப் பலகையை வாங்குகிறோம். எந்த கம்ப்யூட்டரில் அப்டேட் நின்றுபோயிருக்கிறது, எதில் யாரோ அணைத்திருக்கிறார்கள், எதில் மூன்று நாளாக ஒரே எச்சரிக்கை வந்துகொண்டிருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். அந்தப் பலகை சர்வரிலேயே இல்லாமல் கிளவுடில் இருந்தால் நல்லது, சர்வர் விழுந்தாலும் அது நிற்கும். சென்னையைச் சேர்ந்த கே7, புனேயின் குவிக் ஹீல் தன் செக்ரைட் பெயரில், வெளிநாட்டு நிறுவனங்கள் பல என எல்லோரிடமும் இப்படிப்பட்ட வணிகப் பதிப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டே 300 பயனர்கள் வரையிலான நிறுவனங்களுக்கு டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்று ஒன்றை மாதக் கட்டணத்தில் விற்கிறது. சர்வருக்கு அதில் தனி லைசென்ஸ் சேர்த்து வாங்க வேண்டும். இலவச டிஃபெண்டரின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: அதன் பலத்தில் பெரும்பகுதி இணைய இணைப்பில் இருக்கிறது. இணையமே இல்லாத சர்வரில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்று ஏவி-கம்பேரடிவ்ஸ் சோதனைகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஐந்து கம்ப்யூட்டர்கள் வரை, தினமும் கண்ணில் படும் அலுவலகம் என்றால், முறையாக அப்டேட் ஆகும் டிஃபெண்டரே போதும் என்பது என் தீர்ப்பு. பத்துக்கு மேல் போனால் மனிதக் கண்ணுக்கு எட்டாது. நிர்வாகப் பலகை உள்ள ஒன்றை வாங்குங்கள். தமிழில் போனில் பேசி உதவும் சர்வீஸ் எந்த நிறுவனத்துக்கு உங்கள் ஊரில் இருக்கிறதோ அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு சதவிகிதப் பின்னத்தைவிட அதன் மதிப்பு அதிகம்.

பேக்கப் சரியாக இருந்தால் ஆன்டி வைரஸ் எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பேக்கப்தான் முதல் செலவு என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 2019-இன் இறுதியில் மேஸ் என்ற கும்பல் பரவலாக்கிய முறை வேறு: பூட்டுவதற்கு முன் டேட்டாவைத் திருடி வைத்துக்கொள்வார்கள், பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்பார்கள். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து நூறு வாடிக்கையாளர்களின் வருமான விவரம் வெளியே போனால் எந்த பேக்கப்பும் அதைத் திரும்பக் கொண்டுவராது. 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அதோடு, நாம் பேக்கப் என்று நம்புவதில் பாதி பேக்கப்பே இல்லை. சர்வரின் பின்னால் யுஎஸ்பியில் நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் சர்வரோடு சேர்ந்தே என்கிரிப்ட் ஆகும். கிளவுடில் 'சிங்க்' செய்யும் ஃபோல்டர் கெட்டுப்போன ஃபைலையும் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி இருந்தால்தான் தப்பலாம். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதியோடு, ஒன்றாவது எப்போதும் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றிச் செருகி, மற்றதை வேறிடத்தில் பூட்டி வைப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

இதற்கெல்லாம் ஆள் ஏது, நேரம் ஏது என்பது கடைசியாக எழும் கேள்வி, கடினமானதும் அதுதான். சிறு அலுவலகத்தில் ஐடி என்று தனி ஆள் கிடையாது. ஏஎம்சி எடுத்திருக்கும் சர்வீஸ்காரர் அழைத்தால் வருவார். அந்த ஏஎம்சி ஒப்பந்தத்தில் 'ஆன்டி வைரஸ் பார்த்துக்கொள்ளப்படும்' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அந்த வரியை விரித்து எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை எல்லா கம்ப்யூட்டர்களின் அப்டேட் நிலை, விலக்குப் பட்டியல், திறந்திருக்கும் போர்ட்டுகள், பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுப் பார்த்த தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எச்சரிக்கை மெயில் டீலரின் முகவரிக்கு மட்டும் போகாமல், அலுவலகத்தில் தினமும் மெயில் பார்க்கும் ஒருவருக்கும் வர வேண்டும். மாதத்தில் ஒரு மணி நேர வேலை இது. ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ஆம் தேதிக்கு முந்தைய நாள் சர்வர் திறக்காமல் போனால் இழக்கப் போகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த ரெனியூவலுக்குப் பணம் அனுப்பும் முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். ஐகார் என்ற அமைப்பு வெளியிட்டிருக்கும், 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத சோதனை ஃபைல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. எல்லா ஆன்டி வைரஸும் அதை வைரஸாகவே பாவித்து எச்சரிக்க வேண்டும். அதை ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, அந்த எச்சரிக்கை யாருக்கு வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். யாருக்கும் வரவில்லை என்றால் எந்த பிராண்டுக்கு மாறினாலும் பலன் இருக்காது. பிறகு, கழற்றி வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, போன மாத டேலி டேட்டாவைத் திறந்து ஒரு லெட்ஜரைப் பாருங்கள். தாக்குதல் நடந்துவிட்டால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த 1930 எண்ணையும் சர்வீஸ்காரரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி சர்வர் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.